எக்சோஸ் மாற்றினால் எண்ணெய் மிச்சமாகுமா? கப்சாய் ஓட்டுவோர் அறிய வேண்டியவை

விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தோட்டத்து மண்சாலையில் இறங்கி, 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவருக்குக் கப்சாய் மோட்டார் சைக்கிள்தான் கையும் காலும். அது ஓடினால்தான் அன்றைய சம்பளம். அதனால், “எக்சோஸை மாற்றிப் பார், வண்டி பறக்கும், எண்ணெயும் மிச்சமாகும்” என்று நண்பர் சொன்னால் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பே. ஆனால், மாற்றிய பலருக்குக் கடைசியில் மிஞ்சுவது கூடுதல் சத்தமும், கூடுதல் எண்ணெய்ச் செலவும், சில வேளைகளில் ஒரு சம்மனும்தான்.

இதற்குக் காரணம் எளிது. புகைபோக்கியும் எரிபொருள் அளவும் இரட்டை மாடுகளைப் போன்றவை. ஒன்றை மட்டும் அவிழ்த்து வேகமாக ஓட்டினால் வண்டி நேராகப் போகாது.

புகைபோக்கியின் வேலை

புகைபோக்கி சத்தத்தை அடக்குவதற்கு மட்டுமே உள்ளது என்று பலர் நினைக்கின்றனர். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் எரிந்த புகை ஒரே சீராக வெளியேறுவதில்லை. துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. ஒவ்வொரு துடிப்பும் குழாயில் ஓடி, தனக்குப் பின்னால் ஓர் இழுவிசையை உண்டாக்குகிறது. அந்த இழுவிசை சரியான நேரத்தில் வால்வுக்குத் திரும்பி வந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதிய கலவை உள்ளே வர வழிவிடும். அது எந்தச் சுழற்சி வேகத்தில் நடக்க வேண்டும் என்பதைக் குழாயின் நீளமும் விட்டமும் தீர்மானிக்கின்றன.

நிறுவனம் பொருத்தித் தரும் ஒரிஜினல் குழாய், நாம் அன்றாடம் ஓட்டும் நடுத்தர வேகத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. பெரிய விட்டமுள்ள பந்தயக் குழாயைச் சிறிய இன்ஜினில் பொருத்தினால், தாழ்ந்த வேகத்தில் புகையின் ஓட்டம் மந்தமாகிவிடும். மேட்டில் ஏறும்போதும், பின்னால் ஆளை ஏற்றிச் செல்லும்போதும் இழுவை குறையும். இழுவை குறைந்தால் கை தானாகவே திரோட்டலை அதிகமாகத் திருகும். எண்ணெய்ச் செலவு கூடுவது இப்படித்தான்.

கலவையின் கணக்கு

பெட்ரோல் முழுமையாக எரிய, 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. அதிக சக்தி வேண்டுமென்றால் காற்றைக் கொஞ்சம் குறைத்து 13 அளவிலும், சிக்கனம் வேண்டுமென்றால் 15-க்குச் சற்று மேலேயும் வைப்பார்கள். ஆக, ஒரே அமைப்பில் உச்ச சக்தியும் உச்ச சிக்கனமும் சேர்ந்து கிடைக்காது. இரண்டையும் சேர்த்துத் தருவதாக யாராவது சொன்னால் அங்கேயே யோசிக்க வேண்டும்.

தடை குறைந்த குழாயைப் பொருத்தினால் இன்ஜினுக்குள் காற்று அதிகம் புகும். பெட்ரோல் அதே அளவில் இருந்தால் கலவை மெலிந்துவிடும். திரோட்டலை விடும்போது குழாயில் பட் பட் என்று வெடிப்பது, திருகியவுடன் வண்டி தயங்குவது, ஸ்பார்க் பிளக் முனை வெள்ளையாக வெளுத்திருப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். மெலிந்த கலவையில் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் வெப்பம் கூடி பிஸ்டனும் வால்வும் கெடும். மாறாக, பிளக் கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் என்று பொருள். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இளம் பழுப்பு நிறமே நல்ல அடையாளம்.

கார்புரேட்டர் வண்டிகள்

பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5, யமஹா எல்சி135 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் கலவையைக் கையால் சரிசெய்யலாம். திரோட்டல் மூடியிருக்கும்போதும் லேசாகத் திறக்கும்போதும் பைலட் ஜெட்டும், நடுப்பகுதியில் ஊசியும், முழுதாகத் திறக்கும்போது மெயின் ஜெட்டும் பெட்ரோலை அளந்து விடுகின்றன. எந்த இடத்தில் கோளாறோ அந்தப் பகுதியைத்தான் தொட வேண்டும். மெயின் ஜெட்டை மாற்றுவதென்றால் ஒரு படிதான் ஏற்ற வேண்டும். 75-ஆம் எண் இருந்தால் 78, அவ்வளவே. ஒரே நாளில் மூன்றையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

திருகாணியிலும் கவனம் வேண்டும். காற்று வடிகட்டிப் பக்கம் இருப்பது காற்றுத் திருகாணி. அதை உள்ளே திருகினால் பெட்ரோல் பங்கு கூடும். இன்ஜின் பக்கம் இருப்பது எரிபொருள் திருகாணி. அதை வெளியே திருகினால்தான் கூடும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் வேலை தலைகீழாகும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டு இந்த வேலையைச் செய்யக்கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. ஆளைச் சத்தமின்றிக் கொல்லும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகள்

யமஹா ஒய்15இசட்ஆர், இன்றைய ஈஎக்ஸ்5 போன்ற இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோலைக் கணினிப் பெட்டி அளக்கிறது. பல மாடல்களில் புகைபோக்கியில் உள்ள ஆக்சிஜன் சென்சார் புகையை முகர்ந்து பார்த்துத் தகவல் தரும். அதைக் கொண்டு கணினி சிறிய மாற்றங்களைத் தானே சமாளிக்கும். பெரிய மாற்றங்களை அதனால் சமாளிக்க முடியாது. சென்சார் பொருத்த இடமில்லாத குழாயை வாங்கி, அதைக் கழற்றித் தொங்கவிட்டால் கணினி தவறான தகவலை நம்பி எண்ணெயை வாரி இறைக்கும். முழுக் குழாயையும் மாற்றுவோர் கணினியையும் முறையாக டியூன் செய்ய வேண்டும். அதற்கான செலவு குழாயின் விலையில் சேர்ந்திருக்காது.

ஆர்எக்ஸ்இசட் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் கதை வேறு. அவற்றின் வயிறு பெருத்த குழாய், வெளியேறப் பார்க்கும் புதிய கலவையைத் திருப்பி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அங்கே குழாயின் வடிவம் இன்ஜினின் ஓர் அங்கம். குழாயை மாற்றிவிட்டு ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் நெடுஞ்சாலையில் பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

மிச்சம் எவ்வளவு?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 1,560 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 31.2 லிட்டர் பெட்ரோல் வேண்டும். எல்லாம் கூடிவந்து 55 கிலோமீட்டர் ஓடினாலும் மாதம் மிச்சமாவது 3 லிட்டருக்கும் குறைவு. லிட்டர் 2 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் அது 6 வெள்ளிகூட இல்லை. 300 வெள்ளி கொடுத்து வாங்கிய குழாய் அந்தப் பணத்தைத் திருப்பித் தர நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும்.

செலவு குறைந்த வழிகள் வேறு இருக்கின்றன. தோட்டத்துச் செம்மண் தூசி காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். பட்டணத்து வண்டிகளைவிட அடிக்கடி அதைப் பார்க்க வேண்டும். அடைக்கிறது என்று வடிகட்டியையே கழற்றிவிடுவது சிலிண்டருக்குள் மணலைக் கொட்டுவதற்குச் சமம். டயரின் காற்றழுத்தம், சங்கிலியின் தளர்வு, ஒட்டி உரசும் பிரேக், வால்வு இடைவெளி ஆகிய நான்கையும் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவந்தாலே காணாமற்போன கிலோமீட்டர்கள் பல திரும்பி வரும். சாதாரண கப்சாய்க்கு ரோன் 95 போதும். ரோன் எண் என்பது பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பதைத் தாங்கும் திறனைக் குறிக்கிறது. அதில் அடங்கிய சக்தியை அன்று.

எதை மாற்றினாலும் முன்னும் பின்னும் அளக்க வேண்டும். தொட்டியைக் கழுத்துவரை நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான பாதையில் 150 கிலோமீட்டர் ஓடியபின் அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுத்தால்தான் நம்பலாம்.

சட்டமும் அண்டை வீடும்

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் ஜே.பி.ஜே.யும் போலீசும் வண்டிகளில் செய்யப்படும் மாற்றங்களைச் சோதிக்கின்றன. வாகன இரைச்சலுக்கென்றே 1987-இல் சுற்றுச்சூழல் விதிமுறைகளும் கொண்டுவரப்பட்டன. கடையில் விற்கிறார்கள் என்பதாலேயே ஒரு குழாய் சாலைக்கு ஏற்றதாகிவிடாது. வாங்குமுன் அதற்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்டு உறுதிசெய்வது நல்லது. ஒரிஜினல் குழாயைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல் பத்திரப்படுத்துவது அதைவிட நல்லது.

வரிசை வீடுகளில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குபவர்களும் உண்டு, தொட்டிலில் பிள்ளைகளும் உண்டு. நன்றாக ஓடும் வண்டி ஊரை எழுப்பிவிட்டுப் போக வேண்டியதில்லை. வால்வு இடைவெளி சரிசெய்து, வடிகட்டி மாற்றி, சங்கிலிக்கு எண்ணெய் போட்ட வண்டியே மாதக் கடைசியில் பையில் நாலு காசை மிச்சம் வைக்கும்.