சக்கரத்துக்குள்ள ஒரு தராசு

போடிநாயக்கனூர்ல இருந்து போடிமெட்டு ஏறுற ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவு. விடியுறதுக்கு முன்னாடியே ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏத்திக்கிட்டு ஜீப்புகள் மலையேறும். அளவுக்கு மேல ஆள் ஏத்தின ஜீப் கவிழ்ந்த செய்திகளை நாம நிறையப் படிச்சிருக்கோம்.

இறக்கத்துல பிரேக் பிடிச்சபடி திரும்பும்போது ஒவ்வொரு சக்கரத்து மேலயும் எவ்வளவு விசை விழுது? பிரேக்கையும் அச்சையும் எவ்வளவு பலமா செய்யணும்ங்கிறது இந்தக் கேள்வியிலதான் நிக்குது. இதை அளக்க, சோதனை வண்டியோட சக்கரத்து நடுவுல ஒரு சென்சாரை மாட்டுவாங்க. சிக்கல் என்னன்னா, அதுக்குச் சூட்டுக்கும் பாரத்துக்கும் வித்தியாசம் சரியாத் தெரியாது.

இது புதுப் பிரச்சினை இல்லை. 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. (சீனப் பேரரசருக்குப் பரிசாப் போய், வேண்டாம்னு திரும்பி வந்த சங்கிலி அது!) ஏப்ரல், மே வெயில். சங்கிலி சூடாகி நீண்டா, தூரம் குறைவாத் தெரியும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடவே தெர்மாமீட்டர் வைத்து, வெப்பத்தால் வந்த நீளத்தைக் கணக்கில் சரிசெய்தார். இன்னொரு சங்கிலியை ஒப்பிட மட்டும் தனியா வெச்சிருந்தார். காலிபரேஷன்னா அடிப்படையில் இதுதாங்க.

சென்சாரின் கதை 1856-ல் தொடங்குகிறது. கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்று வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளைய கெல்வின் பிரபு, காட்டினார். அதைக் கருவியாக்க 80 வருஷம் ஆச்சு. 1938-ல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இருவர், ஒருவரையொருவர் அறியாமலே, மெல்லிய கம்பியை உலோகத்தில் ஒட்டி அளந்தார்கள். நிலநடுக்கத்தில் தண்ணீர்த் தொட்டி என்ன ஆகும் என்பதுதான் ரூஜின் ஆராய்ச்சி. இதில் பெரிய வியாபாரம் இருக்காதுன்னு சொல்லி எம்ஐடி உரிமையை அவருக்கே விட்டுக்கொடுத்தது. இன்னைக்குப் போடியில ஏலக்காய் மூட்டை ஏறுற டிஜிட்டல் தராசுக்குள்ளயும் அந்த ஸ்ட்ரெய்ன் கேஜ்தான்.

ஆனா தராசுக்குச் சுகமான வாழ்க்கை. ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கும், வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட்டா போதும். சக்கரத்துல இருக்கிறது சுத்தணும், குலுங்கணும், பிரேக் சூட்டையும் தாங்கணும். இரும்பு 50 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 0.6 மில்லிமீட்டர் நீளும். பாரத்தால் வரும் நீட்சியும் கிட்டத்தட்ட இந்த அளவுக்குள்ளதான்.

இதுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. நாலு கேஜை வீட்ஸ்டன் பாலமா இணைச்சா, நாலும் ஒண்ணா சூடாகும்போது மாற்றம் ஒன்றையொன்று அடிச்சுக்கும். லாம்டன் காகிதத்தில் செய்ததை இங்கே சுற்றே செய்துவிடுகிறது. ‘நாலும் ஒண்ணா’ங்கிறதுலதான் விஷயமே இருக்கு. நீண்ட இறக்கத்தில் பிரேக் டிஸ்க் பக்கம் கொதிக்கும், வெளிப்பக்கம் மலைக்காத்துல குளிரும். பாலம் ஏமாந்துடும். வண்டியில் இல்லாத பாரம் திரையில் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. கிளம்பும் முன் ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தரையைத் தொடாதபோது ரீடிங் எடுக்கணும். மலை இறங்கினதும், சூடு ஆறுறதுக்குள்ள மறுபடி அதையே எடுக்கணும். மாறியிருந்து, ஆறினதும் பழைய எண்ணுக்கே திரும்பினா, அது சூடு. திரும்பலைன்னா போல்ட் முறுக்கம், கேஜ் ஒட்டின பசை, இல்ல ஏதாவது பள்ளத்துல வாங்கின அடி. நிக்கிற வண்டியில சக்கரத்தைக் கையால மெதுவா சுத்தும்போது, சுற்றுக்கு ஒருமுறை எண் அலை மாதிரி ஏறி இறங்குதா? அப்போ முதல்ல பாரமில்லாதப்போ வர்ற சுழி எண் சரியான்னு பாருங்க, கோணம் அளக்கிற பகுதியையும் பாருங்க. சக்கரம் எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுன்னு அது தப்பா சொன்னா, மேலிருந்து வர்ற எடையில கொஞ்சம் பிரேக் விசை கணக்குல போய்ச் சேர்ந்திடும்.