மறைகுறி நிரல்களும் மடைக்கணக்கும்

சவளக்கடையைச் சூழ்ந்த வயல்வட்டைகளில் நீர்பாயும் வாய்க்கால் எத்தனை இடங்களிற் கிளைக்கின்றதோ, அத்தனை இடங்களிலும் வட்டவிதானையின் கண் இருத்தல் வேண்டும். கிளையற்ற வாய்க்காலை ஒருமுறை நடந்தால் முழுவதும் பார்த்தாயிற்று. கிளை மிகுந்ததில் எம்மடை திறந்துளது, எம்மடை உடைந்துளது என்பதை ஒருவரே நினைவில் வைத்திருத்தல் அரிது. கணினிக்கு எழுதப்படும் செய்நிரலின் இயல்பும் இதுவே. 1976ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கரான தோமஸ் மக்கேப் வெளியிட்ட கட்டுரை இக்கிளைகளை எண்ணிச் சிக்கலை அளக்க வழிசெய்தது. 'இவ்வாறாயின் இது, அன்றேல் அது' என நிரல் தீர்மானிக்கும் இடங்களை எண்ணி, அத்தொகையுடன் ஒன்றைக் கூட்டினால் வருவதே அவர் கண்ட அளவு. ஒரு கூறில் அது 10ஐத் தாண்டாதிருத்தல் நன்று என்பது அவர் கருத்து.

இவ்வளவுகோல் கடுஞ்சோதனைக்கு உள்ளான துறை மறைகுறியாக்கம் ஆகும். மத்தியகிழக்கிலிருந்து கல்முனைக்குப் பணம் அனுப்புவோர் இணையவழி வங்கியில் இடும் கடவுச்சொல்லைப் பிறர் கண்ணிற் படாது காப்பவை இத்துறையின் நிரற்றொகுதிகளே. அவற்றுட் பெரும்புகழ் வாய்ந்தது ஓப்பன் எஸ்.எஸ்.எல். அவுஸ்திரேலியாவில் எரிக் யங், ரிம் ஹட்சன் என்னும் இருவர் 1995இல் தொடங்கிய தொகுதியிலிருந்து கிளைத்து, 1998 டிசம்பரில் அது இப்பெயருடன் வெளிவந்தது. அக்காலத்தில் ஐக்கிய அமெரிக்கா வலிய மறைகுறி முறைகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி வந்தமையால், வெளிநாட்டாருக்கென 512 இருமங்களே கொண்ட நலிந்த சாவிகளும் வழக்கிலிருந்தன. 2000ஆம் ஆண்டிற் கட்டுப்பாடு பெரிதும் தளர்ந்தது. ஆயினும் நிரலில் அதன் வழி அடைபடவில்லை. 'ஃபிரீக்' எனப் பெயரிய தாக்குதல் அவ்வழியாகவே புகமுடியும் என்பது 2015 மார்ச்சில் வெளிப்பட்டது. சட்டம் போன பின்னும் அது வெட்டிய வாய்க்கால் கிடந்தது என்க.

அதனினும் பெரிய உடைப்பு முந்திய ஆண்டிலேயே நிகழ்ந்திருந்தது. இணைப்பின் ஒரு முனை, 'இருக்கின்றாயா?' என வினவுவது போல ஒரு சொல்லையும் அதன் நீளத்தையும் அனுப்ப, மறுமுனை அச்சொல்லைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடொன்று 2012 மார்ச் 14இல் வெளியான பதிப்பிற் சேர்ந்தது. ஓரெழுத்தை அனுப்பி, 'இதன் நீளம் அறுபதினாயிரம்' என்று பொய்யுரைப்பார்க்கு யாது நிகழும்? சொன்ன நீளம் மெய்தானா எனப் பாராது, நினைவகத்தில் அண்டையிற் கிடந்ததையெல்லாம் வாரிக் கொடுத்தது நிரல். ஒவ்வொரு வினாவுக்கும் 64 கிலோபைற்று வரை இவ்வாறு கசியும். கடவுச்சொற்களும் அதில் அடங்கலாம். கூகுளைச் சேர்ந்த நீல் மேத்தாவும், பின்லாந்தின் கோடினோமிக்கன் நிறுவனப் பொறியியலாளரும் தனித்தனியே கண்ட இவ்வழு, 'ஹார்ட்பிளீட்' என்னும் பெயருடன் 2014 ஏப்பிரல் 7இல் அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து இலட்சம் சேவையகங்கள் இதற்கு ஆளாகியிருந்தனவென மதிப்பிடப்பட்டது. இத்துணைப் பேர் நம்பியிருந்த தொகுதிக்கு முழுநேர ஊழியமாற்றியவர் அப்போது ஒருவரே.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இவ்வழுவைத் தீர்த்தது யாது? நீளத்தைச் சரிபார்க்கும் புதிய தீர்மானமே. அதாவது, மக்கேப்பின் கணக்கின்படி, நோய் தீர்ந்த நிரல் நோயுற்ற நிரலினும் சிக்கல் மிகுந்தது! அதே ஆண்டு பெப்ரவரியில் அப்பிள் நிறுவன நிரலில் வெளிப்பட்ட வழுவும் இத்தகையதே. 'முடிவுக்குச் செல்க' எனும் கட்டளை தவறுதலாக இருமுறை எழுதப்பட்டமையால் அடுத்துவந்த கையொப்பச் சோதனை நடவாதே போயிற்று. தீர்மானம் எதுவும் புதிதாகச் சேராமையால் எண்ணிக்கை ஏறவில்லை. ஆகவே இவ்வளவு, எங்கே பார்க்கவேண்டும் என்று சுட்டுமேயன்றிப் பார்த்தாயிற்று என்பதற்குச் சான்றாகாது. மறுபுறம், மறைகுறி நிரலிற் கிளைகளைக் குறைத்தற்குத் தனிக் காரணமும் உண்டு. இரகசியச் சாவியைப் பொறுத்து நிரல் ஒருவழியோ மறுவழியோ சென்றால், எடுத்த நேரத்தை அளந்தே சாவியை ஊகிக்கலாமென்று 1996இல் போல் கோச்சர் காட்டினார்.

ஹார்ட்பிளீட்டின் பின் வெட்டுக்கத்தி எடுத்தவர் பலர். தியோ டி ராட் தலைமையிலான ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் அத்தொகுதியைப் பிரித்தெடுத்து, வழக்கொழிந்த இயந்திரங்களுக்கென வைத்திருந்த பகுதிகள் முதலியவற்றை நீக்கினர். முதல் வாரத்திலேயே நீங்கியவை 90,000 வரிகள். அமேசன் 2015 யூனில் வெளியிட்ட 'எஸ்2என்' ஏறத்தாழ 6,000 வரிகளே கொண்டது, ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லில் அதே பணியோடு தொடர்புற்றவை குறைந்தது 70,000 வரிகள் என அந்நிறுவனம் அன்று ஒப்பிட்டுக் காட்டியது. வரி குறைந்தால் ஒருவர் முழுதும் வாசித்து முடிக்கக்கூடும் என்பதே இதன் பெரும்பயன்.

ஆயினும் கத்தி எங்கே படுகின்றது என்பது அறிந்து வெட்டவேண்டும். டெபியன் இயங்குதளத்தைப் பேணுவோர், சோதனைக் கருவியொன்று குறைகூறியது கண்டு, 2006இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லின் இரு வரிகளைச் செயலற்றனவாக்கினர். அவற்றுள் ஒன்றே எழுமாற்று எண்களுக்கு விதையிட்டுவந்த வரி. 2008 மே மாதத்தில் லூசியானோ பெல்லோ இதனைக் கண்டறியும் வரை, அத்தளத்திற் பிறந்த ஒவ்வொரு வகைச் சாவியும் 32,768 சாவிகளுள் ஒன்றாகவே இருந்தது. அத்தனையையும் ஒரு கணினி சிறுபொழுதில் முயன்று பார்த்துவிடும். ஈராண்டுகளாக ஆக்கப்பட்ட சாவிகளையெல்லாம் உலகெங்கும் எறிந்துவிட்டுப் புதியன செய்ய நேர்ந்தது.