செலவாகித் தீர்ந்த பூஜ்யம்

இன்றைய அமெரிக்காவின் தென் கரோலினா, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது. அங்கே கணவாய்க்குத் தூரத்து உறவான பெலெம்னைட் என்ற பிராணி நீந்தியது. அதன் உடலின் பின்முனையில், தோட்டா வடிவில் ஒரு கால்சைட் கூர். சதை அழுகிப்போக, கூர் மட்டும் பிடீ என்ற பாறைப் படிவத்தில் தங்கிவிட்டது.

அதன் அடுத்த பிறவி சிகாகோவில். நீர் குளிரக் குளிர, அதில் வளரும் ஓட்டில் கனமான ஆக்சிஜன்-18 சற்றே கூடுதலாகச் சேரும் என்று 1947இல் அங்கிருந்த வேதியியலாளர் ஹெரால்டு யூரி கணக்கிட்டுக் காட்டியிருந்தார். சற்றே என்றால், ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் கால் பங்குக்கும் குறைவு. இவ்வளவு நுண்ணிய வித்தியாசத்தைத் தனியாக அளக்க வழியில்லை. இரண்டு வாயுக்களை மாற்றி மாற்றி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விட்டு ஒப்பிடத்தான் முடியும். எதோடு ஒப்பிடுவது? பிடீ கூரைப் பொடித்து, பாஸ்பாரிக் அமிலத்தில் போட்டு எடுத்த கார்பன் டை ஆக்சைடு அந்த இடத்தைப் பிடித்தது. அதன் மதிப்பு 0 என்று வைத்துக்கொண்டார்கள். இயற்கை விதி எதுவும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பி.டி.பி. (பிடீ பெலெம்னைட்) என்ற அளவுகோல் பிறந்தது இப்படித்தான்.

1955இல் செசாரே எமிலியானி, ஆழ்கடல் சேற்றிலிருந்து எடுத்த ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளை இந்தப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டு, பனியூழிகளில் கரீபியன் கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 6 டிகிரி குளிர்ந்தது என்றார். 1967இல் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் குறுக்கிட்டார். இலேசான ஆக்சிஜன் ஆவியாகிப் பனிப்பாளங்களில் அடைபடும்போது, மிஞ்சும் கடல்நீரே கனமாகிவிடும். எனவே ஓடுகளில் தெரிந்த ஏற்றத்தாழ்வில் பெரும்பகுதி பனியின் கணக்கு, வெப்பத்தின் கணக்கு அல்ல என்றார். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. எமிலியானியின் எண்கள் அப்படியே நின்றன, பொருள்தான் மாறியது. வெறும் வெப்பமானி என்று நினைத்தது, உலகின் பனி எவ்வளவு என்றும் சொல்லத் தொடங்கியது.

ஒவ்வோர் ஒப்பீடும் பிடீ பொடியைக் கொஞ்சம் தின்றது. ஒருநாள் தீர்ந்தே போனது. 1980களில் வியன்னாவின் சர்வதேச அணுசக்தி முகமை வழியாக, என்.பி.எஸ். 19 என்ற சலவைக்கல் பொடி அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் அதற்குப் பூஜ்யம் தரவில்லை: ஆக்சிஜனுக்கு ஆயிரத்தில் −2.20. இல்லாத பெலெம்னைட்டே பூஜ்யமாக நீடிக்க வேண்டுமே! அளவுகோலின் பெயருக்கு முன்னால் வியன்னாவைச் சேர்த்து வி.பி.டி.பி. ஆக்கினார்கள். பிறகு அந்தச் சலவைக்கல் பொடியும் தீர்ந்தது. இப்போது புழங்குவது ஐ.ஏ.இ.ஏ.-603, அதுவும் சலவைக்கல்தான், ஆக்சிஜனுக்கு −2.37.