பாதி மாத்திரையின் கதை

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்கள்ல நாய்க்கு வயசாகுறது படிக்கட்டுலதான் முதல்ல தெரியும். மழைக்காலத்துல லயத்துப் படி ஏற முடியாம ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நிற்கும். மூட்டுவாதம். பார்த்துக்கிட்டு சும்மா இருக்க மனசு வராது. வீட்டுப் பெரியவங்க முழங்கால் வலிக்கு வாங்கி வச்ச மாத்திரையில பாதியை உடைச்சு, சோத்துல பிசைஞ்சு வச்சிடுறோம். அன்புல செய்யிற காரியம்தான். ஆனா அந்த மாத்திரைகளுக்கு ஒரு வரலாறு இருக்கு.

அஸ்பிரின் 1899ல் சந்தைக்கு வந்தது. அது வலியை எப்படிக் குறைக்குதுன்னு விளங்க இன்னும் 72 வருஷம் ஆச்சு. 1971ல் பிரித்தானிய ஆய்வாளர் ஜோன் வேன் அதைக் கண்டுபிடிச்சார். 1982ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். உடம்புல புரொஸ்டகிளான்டின் உருவாவதை அஸ்பிரின் தடுக்கிறது. வீக்கத்தையும் வலியையும் கூட்டுவது அந்தப் பொருள். இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்தம் ஒழுங்காகப் போக உதவுவதும் அதே பொருள்தான். அதனால வலி குறையுற வழியிலேயே வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். இபுப்ரோபென், டைக்ளோபெனாக் எல்லாம் இதே குடும்பம். அதுலயும் இபுப்ரோபென் மனுசர் உடம்பைவிட நாய் உடம்புல கூடுதல் நேரம் தங்கும்.

1997ல் பைசர் நிறுவனம் நாய்களின் மூட்டுவாதத்துக்கென்றே கார்ப்ரோபென் மாத்திரையை 'ரிமடில்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. படுத்தே கிடந்த கிழட்டு நாய்கள் எழுந்து நடந்தன. சில நாய்கள் செத்தும் போயின. இந்த மருந்துக்குப் பிறகு கல்லீரல் பாதிக்கப்பட்ட 21 நாய்களைப் பற்றி 1998ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. அதில் 13 லாப்ரடோர். நாய் வளர்த்தவங்க முறைப்பாடு அனுப்பினாங்க, வழக்கும் போட்டாங்க. அதன்பிறகே எச்சரிக்கைகள் விரிவாகின. மருந்து இன்றைக்கும் விற்பனையில் இருக்கு. மாறினது அதைக் கண்காணிக்கிற விதம்.

இந்தியாவில் டைக்ளோபெனாக்கை மாடுகளுக்குக் குடுத்தாங்க. மாட்டுக்கு வலி குறைஞ்சது. அந்த மாடு செத்தபிறகு அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமா மடிந்தன. காரணம் 2004ல் பாகிஸ்தான் ஆய்வொன்றில் வெளிவந்தது. 2006ல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. ஒரு உடம்புக்கு மருந்தானது இன்னொரு உடம்புக்கு நஞ்சாச்சு.

கழுகுகளுக்கு ஆபத்தில்லாத மாற்று மருந்தா வந்தது மெலொக்சிகாம். நாய்களின் மூட்டுவாதத்துக்கும் வைத்தியர்கள் அதைக் குடுக்குறாங்க. அப்போ நம்ம வீட்டு மெலொக்சிகாமை நாய்க்குப் போடலாமா? கணக்குப் பாருங்க. முதல் நாளுக்குப் பிறகு நாய்க்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு, ஒரு கிலோ எடைக்கு 0.1 மில்லிகிராம். 15 கிலோ நாய்க்கு 1.5 மில்லிகிராம். மனுசருக்கான மாத்திரை ஒன்று 15 மில்லிகிராம் வரை இருக்கும். பாதியா உடைச்சாலும் அது ஐந்து மடங்கு.

புது மருந்துகளும் இந்தக் கதைக்கு வெளியில இல்ல. 2023ல் அமெரிக்கா அனுமதித்த லிப்ரெலா ஊசி வேறு வழியில் வலியைத் தடுக்குது. ஆனா 2024 டிசம்பரில், தள்ளாட்டம், வலிப்பு போன்ற முறைப்பாடுகள் வந்திருக்குன்னு அந்நாட்டு மருந்து அதிகாரசபை மிருக வைத்தியர்களுக்கு அறிவித்தது.

ஒவ்வொரு முறையும் நடந்தது ஒண்ணுதான்: யாரோ கவனிச்சாங்க, எழுதினாங்க, அதனால அடுத்த நாய் தப்பிச்சது. நம்ம லயத்து நாய் செத்தா "வயசாகிட்டுது"ன்னு புதைச்சிடுறோம். எந்த மாத்திரை, எத்தனை நாள்னு யாரும் எழுதி வைக்கிறதில்ல.

மிருக வைத்தியரிடம் போக தூரமும் செலவும் தடைதான். போன்லயாவது கேட்டுட்டு மருந்து குடுங்க. ரெண்டு வலி மாத்திரைகளையோ, வலி மாத்திரையோட ஸ்டீரொய்டையோ சேர்த்துக் குடுக்காதீங்க. வாந்தி, சாப்பிட மறுப்பது, கருப்பு மலம், மஞ்சளான கண், அதிக தாகம் தெரிஞ்சா மருந்தை நிறுத்திட்டு உடனே வைத்தியரிடம் சொல்லுங்க. திகதியையும் அளவையும் ஒரு கொப்பியில எழுதி வைங்க. அதுவரைக்கும் ஈரச் சிமெந்துத் தரையில படுக்க விடாம, காய்ஞ்ச சாக்கு ரெண்டை மடிச்சுப் போடுங்க.