பழைய ஜன்னல்: மரமும் பெயின்ட்டும் வந்த கதை

நம்ம சங்கரன்கோவில் பக்கம் பழைய வீட்டை இடிக்கப் போறாங்கன்னா, பழைய சாமான் வியாபாரி முதல்ல தட்டிப் பார்க்கிறது ஜன்னலைத்தான். வெளுத்து, பெயின்ட் உரிஞ்சு கிடக்கிற சட்டத்துல அப்படி என்ன இருக்கு?

கரிசக்காட்டு சம்சாரி வீட்டுக்கு வேம்பும் பனையும்தான் மரம். தேக்கு வசதிக்காரங்க சமாச்சாரம். மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர்ல தேக்கு ‘ராஜமரம்’. சொந்த நிலத்துல நின்னாலும் அது அரசுக்குத்தான். நம்ம பக்கத்துச் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரைக்கும் மலையாளச் சீமையோடதான் இருந்தது.

இன்னொரு வழி கடல். 1852, 1885 போர்களில் பர்மாவைப் பிடிச்ச வெள்ளைக்காரன் அந்தக் காட்டுத் தேக்கைக் கப்பல் கப்பலா ஏத்தினான். செட்டிநாட்டு வீடுகளின் கதவும் ஜன்னலும் அந்த மரம்தான். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள புகுந்ததும் அந்த வரத்து அறுந்து போச்சு. நிதானமா வளர்ந்து வைரம் பாய்ஞ்ச அந்த மாதிரி மரம் இன்னைக்குச் சுலபமா கிடைக்காது. வியாபாரி தேடி வர்றது அதுக்குத்தான்.

பெயின்ட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1902-ல் ஹவுராவில் ஷாலிமார், 1942-ல் பம்பாயில் ஏசியன் பெயின்ட்ஸ்னு கம்பெனிகள் வந்தன. அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயின்ட்டில் நிறத்துக்கும் சீக்கிரம் காயுறதுக்கும் காரீயம் சேர்க்கிறது உலகம் பூராவும் வழக்கம். நம்ம நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாதுன்னு சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-ல்தான். அதுக்கு முன்னால அடிச்ச பெயின்ட்டைச் சந்தேகத்தோடதான் பார்க்கணும்.

அதனால பழைய சட்டத்தை உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, நெருப்பு காட்டியும் உரிக்காதீங்க. தண்ணி தெளிச்சு, ஈரத்தோட சுரண்டுங்க. முகத்துக்குத் தூசியைத் தடுக்கிற நல்ல மாஸ்க், கீழே பிளாஸ்டிக் விரிப்பு கட்டாயம். பிள்ளைகளை அண்ட விடாதீங்க. உரிச்ச செதிலைக் குப்பைக்குழியிலோ தொழுவத்துப் பக்கமோ கொட்டாதீங்க. காரீயப் பெயின்ட்டை நக்கின மாடு கண்ணு தெரியாமத் தடுமாறும், வலிப்பு வந்து செத்தும் போகும்.

மழைத்தண்ணி தங்குறதால முதல்ல உளுக்கிறது அடிச்சட்டம்தான். ஆணியால குத்திப் பாருங்க. மெத்துனு இறங்குற இடத்தை மட்டும் ஆசாரியை வச்சு வெட்டி எடுத்து, புதுத்துண்டு ஒட்டுப் போட்டாப் போதும். மரம் நல்லாக் காஞ்ச பிறகு பிரைமர், பட்டி, ரெண்டு கை எனாமல். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ஞ்ச தை, மாசி இதுக்குத் தோதான மாசங்கள்.

பழசுன்னு வந்த விலைக்குத் தள்ளிவிடுறதுக்கு முன்னால, ஒரு ஓரத்துல ஈரத்தோட சுரண்டி உள்ளே என்ன மரம்னு பாருங்க. பெயின்ட்டை எப்ப வேணும்னாலும் வாங்கிக்கலாம். அந்த மரம் போனாப் போனதுதான்.