மாற்றும் வர்ணமும்: பொன்கணக்கின் மொழிபெயர்ப்பு

கோலார் தங்கவயலில் 1880 முதல் 2001 வரை பொன் அகழ்ந்த தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழர். அவர்தம் மொழியில் மாசற்ற பொன் பத்தரை மாற்று. அதே கன்னட நாட்டில் 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர் வடமொழியில் இயற்றிய கணிதசாரசங்கிரகத்திலோ அது பதினாறு வர்ணம்.

அந்நூல் முறையில் ஒரு கணக்கு: 16 வர்ணப் பொன் 6 கழஞ்சுடன் தரம் அறியாப் பொன் 2 கழஞ்சை உருக்கிச் சேர்க்க, 14 வர்ணமாயிற்று, அறியாத் தரம் யாது? 96 + 2அ = 112; அ = 8. வர்ணத்தை 'மாற்று' எனப் பெயர்த்தாலும் சமன்பாடு இடறாது; வழுவைக் காட்டிக் கொடாது. ஆனால் 14 மாற்றுப் பொன் உலகில் இல்லை. எண்களையும் 32:21 விகிதத்தில் பெயர்த்தால் கலவை ஒன்பதே மூன்று வீசம். விடை ஐந்தேகால் மாற்று. எனினும் வர்ணம் என்றே விட்டுக் குறிப்பெழுதுதல் நன்று; வீசக் கணக்கு இன்று வழக்கில் இல்லை.