லேடாங் மலையடியில் வாலசு: ஒரு பழைய பயணத் திட்டம்



வரும் பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணாக்கரைப் பெற்றோர் துணையோடு காட்டில் ஓரிரவு தங்கவைக்கலாம் என்னும் பேச்சு எங்களிடையே எழுந்துள்ளது. கூடாரம் வேண்டா, இரு மரங்களுக்கிடையே கட்டும் தொங்கு படுக்கையே போதும்; இடம் பைன் மரக்காடாக இருக்கட்டும் என்பது இளம் ஆசிரியர்களின் விருப்பம். அட்டை கடிக்குமே, நீருக்கு என்ன வழி, காய்ச்சல் கண்டால் யார் பொறுப்பு என்று பெற்றோர் சிலர் கேட்டனர். நியாயமான வினாக்கள்தாம். இவை அத்தனைக்கும் விடை கண்ட ஒரு குழு, நம் செலண்டார் வட்டாரத்தின் வழியாகவே 1854-ஆம் ஆண்டில் நடந்து சென்றிருக்கிறது.

ஆல்ஃபிரட் ரசல் வாலசு என்னும் பெயரை அறிவியல் ஆசிரியர்கள் அறிவர். டார்வினோடு இயற்கைத் தேர்வுக் கொள்கையை 1858-இல் உலகுக்கு வழங்கியவர். அவர் ஜாசின் மாவட்டத்து ஆயர் பானாசிலிருந்து லேடாங் மலைக்கு நடந்தே சென்றார் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. ஐரோப்பியர் அம்மலையை ஓபிர் என்றழைத்தனர். உயரம் 1,276 மீட்டர். அப்போது வாலசுக்கு அகவை 31. 1869-இல் வெளிவந்த தமது மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலில் இப்பயணத்தை விரிவாகவே எழுதியுள்ளார்.

ஒரு வாரமேனும் தங்குவது என்று முதலில் முடிவு செய்தார்கள். அதன் பிறகே பொருள்களைச் சேர்த்தனர். வேண்டிய அளவு அரிசி, கொஞ்சம் பிஸ்கட், வெண்ணெய், காப்பி, கருவாடு, போர்வை, ஒரு மாற்றுடை, பூச்சிகளையும் பறவைகளையும் இட்டுவைக்கும் பெட்டிகள், வலைகள், துப்பாக்கிகள். சிறிது பிராந்தியும் இருந்தது. அதை நம் பட்டியலில் சேர்க்கமாட்டோம்! சுமை தூக்க ஆறு மலாய்க்காரர்களை அமர்த்திக்கொண்டனர். முதல் நாள் இரவு ஒரு மலாய்த் தலைவரின் வீட்டுத் திண்ணையில் உறக்கம். அவர் கோழியும் முட்டையும் கொடுத்து உபசரித்திருக்கிறார்.

மறுநாள் முழங்காலளவு சேறு. இலைகளின் நுனியில் உடலை நீட்டிக் காத்திருக்கும் அட்டைகள். மாலையில் குளிக்கும்போது ஆளுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒட்டியிருந்தனவாம். வாலசின் கழுத்திலேயே ஒன்று வயிறாரக் குடித்திருந்தது. ஆகவே, அட்டை கடிக்காது என்று நான் பெற்றோருக்கு வாக்களிக்கமாட்டேன். கடிக்கும். தரையில் படுப்பவரை இன்னும் எளிதாகக் கடிக்கும் என்பதால்தான் தொங்கு படுக்கையை நானும் ஆதரிக்கிறேன்.

இப்படுக்கை கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் உலகுக்களித்த கொடை. 1492-இல் கொலம்பசின் குழுவினர் அதனை அங்கே கண்டனர். தைனோ மக்களின் 'அமாக்கா' என்னும் சொல்லே ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்தில் 'ஹேமக்' ஆயிற்று. பின்னர்க் கப்பல் மாலுமிகளின் படுக்கையும் அதுவே ஆனது. மலாயாவுக்கு வருமுன் 1848 முதல் 1852 வரை அமேசான் காடுகளில் திரிந்த வாலசு, அதில் உறங்கிப் பழகியவர்தாம்.

நமக்கு மட்டும் இது புதிதா என்ன? தாய்மார் பால்மரம் வெட்டச் சென்றபின், தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வரிசையாகத் தொங்கிய தூளிகளில் வளர்ந்தவர்கள் இன்றைய மாணாக்கரின் பாட்டன் பாட்டியர். சேலையைச் சுருக்கி, அவிழாத முடிச்சிட்டு, கையால் இழுத்துப் பார்த்த பின்பே பிள்ளையை இடுவார்கள். அந்த இழுத்துப் பார்க்கும் வழக்கத்தை மாணாக்கர் பாட்டிமாரிடமே கற்றுக்கொள்ளட்டும். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும். அகன்ற பட்டைநாடா வேண்டும். மேலே பட்ட கிளை உள்ள மரத்தடியைத் தவிர்க்க வேண்டும். ஒருவர் படுக்கைக்கு மேல் மற்றொருவர் கட்டலாகாது.

வாலசு மலையடியில் ஓர் ஓடைக்கரையில் தங்கினார். அவருடைய ஆள்களில் மூத்தவரான மலாய்க்காரர், மலாக்கா வணிகர்களுக்காக அங்கே பறவை சுட்டுப் பழகியவர், மலையுச்சியையும் கண்டவர். ஏறுவதற்கு முந்தைய நாளே அவர் இருவரோடு சென்று பாதையை வெட்டிச் சீர்செய்து வந்தார். மறுநாள் உச்சிக்கு முந்தைய முகட்டில் சுமைகாரர்கள் இனி இயலாது என்று நின்றுவிட்டார்கள். அங்கே நீர் இல்லை. உச்சியருகே ஊற்று உண்டு என்பது தெரிந்திருந்தது. எனவே ஆளுக்கொரு போர்வையும் பகிர்ந்துகொண்ட உணவும் மட்டும் எடுத்துக்கொண்டு, அம்முதியவரோடும் அவர் மகனோடும் ஏறிவிட்டனர். இந்த ஒரு முடிவை நான் வியந்து வியந்து படித்தேன். முதியவரின் பெயரைத்தான் வாலசு எழுதவில்லை. வண்டுகளுக்கெல்லாம் பெயர் குறித்தவர்!

அதே வழியில், படாங் பத்து என்னும் பாறைவெளியில் தாகம் தாங்காமல் குடுவைத் தாவரத்தின் நீரைக் குடித்தார்கள். பூச்சிகள் மிதந்த அந்நீர் சுவையாகவே இருந்ததாம். ஊசியிலைத் தாவர இனத்தைச் சேர்ந்த டாக்ரிடியம் மரங்களை அவர் அப்பயணத்தில் முதலில் கண்டதும் அங்கேதான். பைன் மரம் தீபகற்பத்துக்கு இயல்பானதன்று. அருகே சுமத்ராவில்தான் தானே வளர்கிறது. பைன் நிழல் வேண்டுமென்று தொலைவாகச் செல்வதைக் காட்டிலும், அதன் உறவு மரம் நிற்கும் நம் மலையின் அடிவாரமே போதும் என்பது என் கருத்து. மேலும், காய்ந்த பைன் இலை எளிதில் தீப்பற்றும்.

வாலசு கண்ட காடு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1896-இல் தான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அடுத்து, மலையை ஒட்டிய புக்கிட் அசகானிலும் நட்டார். காடு தோட்டமாயிற்று. அத்தோட்டங்களுக்கே நம் முன்னோர் வந்தனர். நாள்தோறும் அம்மலையைப் பார்த்தபடி பால்மரம் வெட்டியவர்களுள் அதன்மேல் ஏறியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

காய்ச்சலைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓபிர் மலை காய்ச்சலுக்குப் பேர்போன இடம் என்று நண்பர்கள் அஞ்சினர். அக்குழுவில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. கொண்டுசென்ற அரிசி தீர்ந்ததும் ஆயர் பானாசுக்குத் திரும்பினர். அதை நம்பி நாம் கொசுவலையை விட்டுச் செல்லப்போவதில்லை. முன் அனுமதி, பாதை அறிந்த வழிகாட்டி, ஐந்து மாணாக்கருக்கு ஒரு பெரியவர் ஆகியவை உறுதியான பின்பே நாள் குறிப்போம். தூளி முடிச்சுப் போடத் தெரிந்த பாட்டிமார் இருந்தால், வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள்.